ஆட்டம் முடிந்த பிறகு கூழ்: எங்கள் முற்றம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2015 முதல் 2022 வரை யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய நாற்சார் வீட்டின் நடு முற்றத்தில் நானும் என் தம்பியும் இரவு உணவோடு கூத்து நடத்தினோம். கதவைப் பூட்டிய பிறகும் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. முன்பு வந்து பார்த்தவர்கள் கேட்கிறார்கள், இதே போல ஒன்று தொடங்க நினைக்கிற பிள்ளைகள் கேட்கிறார்கள், வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வருகிற உறவுகளும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு என்னால் முடிந்த அளவு முழுமையான பதில்கள் இவை.

அது எப்படிப்பட்ட இடம்? வராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லுங்கள்.

கொழும்புத்துறைப் பக்கம், நாலு பக்கமும் விறாந்தை, நடுவில் வானம் தெரிகிற முற்றம். வீட்டுக்காரர் கனடாவில். மாத வாடகை 15,000 ரூபாவுக்கு எங்களுக்குத் தந்தார். முற்றத்தில் ஆட்டம், மூன்று பக்க விறாந்தையில் சனம், நாலாவது பக்கம் மத்தளமும் பிற்பாட்டும். நெருக்கி இருத்தினால் 40 பேர். வெள்ளியும் சனியும் மட்டும், இரவு 7 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் முடிப்போம்.

தம்பி கொழும்பில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பத்து வருடம் வேலை செய்தவன். நான் பள்ளிக்கூடத்தில் நாடகமும் அரங்கியலும் படிப்பித்தேன். எங்கள் அப்பா மத்தளம் வாசித்தவர். அவருடைய மத்தளத்தை வைத்துத்தான் முதல் இரவைத் தொடங்கினோம்.

‘இரவு உணவு அரங்கு’ என்பது வெளிநாட்டுப் பழக்கம் இல்லையா?

அந்தப் பெயரோடு, டிக்கெட்டோடு, வியாபாரமாக வந்தது வெளிநாட்டில் இருந்துதான். பாரிஸில் 1889 இல் திறந்த மூலான் ரூஜ் இன்றைக்கும் சாப்பாட்டு மேசைகளுக்கு முன்னால் நடனம் காட்டுகிறது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில், ஒரு பழைய சத்திரத்தை வாங்கிய நாடகக் குழு ஒன்று 1953 இல் சாப்பாட்டையும் நாடகத்தையும் ஒரே டிக்கெட்டில் கொடுத்தது. அந்த நாட்டின் முதல் இரவு உணவு அரங்கு என்று அதைத்தான் சொல்வார்கள். 1970களில் அங்கே ஊருக்கு ஊர் இப்படி இடங்கள் இருந்தன. பல இடங்களில் நடிகர்களே சாப்பாடு பரிமாறினார்கள். பிறகு ஒவ்வொன்றாகக் குறைந்துபோயின.

தம்பி அதைப் பற்றி நிறையப் படித்திருந்தான். தொடங்கும்போது எங்கள் மனதில் இருந்த உருவமும் அதுதான்: மேசை, தட்டு, மெல்லிய வெளிச்சம், முன்னால் ஆட்டம். அந்த உருவத்தை அப்படியே கொண்டுவந்து எங்கள் முற்றத்தில் வைத்ததுதான் நாங்கள் செய்த பெரிய பிழை. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

அப்படியென்றால் எங்கள் ஊரில் கூத்துக்கும் சாப்பாட்டுக்கும் தொடர்பே இல்லையா?

நிறைய இருக்கிறது. ஆனால் அது வேறு மாதிரியான தொடர்பு.

என் சின்ன வயதில் அம்மன் கோயில் வீதியில் காத்தவராயன் கூத்து நடக்கும். பின்னேரமே பாயைக் கொண்டுபோய் இடம் பிடித்துவிடுவோம். இரவு 10 மணிக்கு மேல்தான் தொடங்கும், விடியும்போது முடியும். வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போவோம். கையில் கச்சான் (நிலக்கடலை) சரை ஒன்று இருக்கும். நடுச்சாமத்தில் அம்மா போத்தலில் கொண்டுவந்த தேத்தண்ணியை ஊற்றித் தருவார். ஆடுகிறவர்களுக்கு ஊரில் ஒரு வீட்டில் சமையல் நடக்கும். கூத்துப் பழக்கம், அதாவது ஒத்திகை, நடக்கிற மாதங்களிலும் அப்படித்தான், இன்றைக்கு இந்த வீட்டுப் புட்டு, நாளைக்கு அந்த வீட்டு இடியப்பம். வெள்ளுடுப்பு நாளில், அதாவது அரங்கேற்றத்துக்கு முந்தி ஒப்பனை உடுப்பு இல்லாமல் முழுக்கூத்தையும் ஆடிப் பார்க்கிற நாளில், பெரிய சமையலே நடக்கும்.

ஆக, சாப்பாடு கூத்தைத் தாங்கியது. ஆனால் ஒருவரும் சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ராசா வரவு பார்த்ததில்லை.

ஏன் 2015? அதற்கு முன்னால் முடியாதா?

1990 இல் நின்றுபோன ரயில் 2014 ஐப்பசியில்தான் (எங்கள் வழக்கில் ஒக்டோபர்) மறுபடியும் யாழ்ப்பாணம் வரை வந்தது. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 வீதியும் 2006 ஆவணியில் பூட்டப்பட்டு, போர் முடிந்த பிறகுதான் எல்லோருக்கும் திறந்தது. இரவு 10 மணிக்கு ஒரு குடும்பம் பயமில்லாமல் வீடு திரும்பலாம் என்கிற நிலை எங்களுக்குப் புதிது. 30 வருடமாக இரவு என்றால் கதவைச் சாத்துவது என்றுதான் வளர்ந்தோம். முதல் மாதங்களில் வந்த வயதானவர்கள் பலர், “இரவில வெளியில வந்து எவ்வளவு காலம்” என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே இதைத் தொடங்கியது சரி என்று இன்றும் நினைக்கிறேன்.

என்ன கூத்துகள் ஆடினீர்கள்?

முதல் வருடம் எல்லாவற்றையும் கலந்தோம். கரகம், காவடி, கோலாட்டம், பொய்க்கால் குதிரை, கடைசியில் கூத்தில் ஒரு துண்டு. பார்க்க வடிவாக இருந்தது. ஆனால் கதை இல்லாத இரவு மனதில் நிற்காது என்று எங்களுக்கே தெரிந்தது.

இரண்டாவது வருடத்தில் இருந்து கூத்து மட்டும்தான். காத்தவராயன் கூத்துதான் அதிகம். காத்தான் ஆரியமாலையின் மேல் ஆசைப்படுகிற கதையும், அவன் கழுவேறப் போகிற கட்டமும், தாய் மாரியம்மன் தவிக்கிற பாட்டுகளும் இந்த மண்ணில் எல்லோருக்கும் தெரியும். வாய்க்குள் பாடிக்கொண்டே பார்ப்பார்கள். அந்தக் கூத்தில் ஒரே காத்தானை வயதுக்கு ஏற்றபடி பல பேர் மாறி மாறி ஆடுவார்கள். அது எங்களுக்கு வசதி. சின்னப் பெடியன் முதல் 50 வயதுக்காரர் வரை ஒரே இரவில் காத்தானாக வரலாம்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை கத்தோலிக்கக் கூத்து. பாஷையூர், குருநகர், நாவாந்துறைப் பக்கம் தென்மோடி என்கிற கூத்துப் பாணியில் ஆடிவருகிற மரபு அது. புனிதர் எஸ்தாக்கியார் கதையில் இருந்து ஒரு பகுதி எடுத்தோம். வேறொரு சனிக்கிழமை இசைநாடகம். காங்கேசன்துறை நடிகமணி வி.வி. வைரமுத்து (1924–1989) அரிச்சந்திரனாக மயான காண்டத்தில் நின்ற நிலையைக் கண்ணால் கண்டவர்கள் எங்கள் முற்றத்துக்கும் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் அந்தப் பாட்டைப் பாட எங்கள் பாடகருக்குக் கை நடுங்கியது. பாடி முடித்ததும் ஒரு கிழவர் எழும்பிவந்து அவருடைய தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

மற்றப் பாணியான வடமோடிக்கு எங்களிடம் போதிய ஆட்கள் இருக்கவில்லை. வட்டுக்கோட்டைப் பக்கம் இருந்து ஒரு குழுவை இரண்டு தடவை அழைத்தோம், அவ்வளவுதான்.

விடிய விடிய ஆடுகிற கூத்தை எப்படி ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அடக்கினீர்கள்?

இதில் எங்களுக்கு முன்னால் பாதை போட்டவர்கள் இருக்கிறார்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து மட்டக்களப்புக் கூத்தை இரண்டு மணித்தியாலத்துக்குள் கொண்டுவந்தார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ எல்லாம் அப்படி வந்தவைதான். சுருக்கினால் கூத்து செத்துவிடும் என்று அப்போதும் சொன்னார்கள். சாகவில்லை.

ஆனால் எதை வெட்டுவது என்பதில் கவனம் வேண்டும். நாங்கள் முதலில் வரவுகளைச் சுருக்கினோம். ஒரு பாத்திரம் களரிக்கு, அதாவது ஆடுகிற இடத்துக்கு வந்து, தான் யார் என்று விருத்தம் பாடி, ஆடிக் காட்டுவதுதான் வரவு. அது நீளம் என்று தம்பி நினைத்தான், நானும் ஒத்துக்கொண்டேன். கூத்தைப் பழக்கி நடத்துகிற எங்கள் அண்ணாவியார் சம்மதிக்கவில்லை. “ஆள் ஆரெண்டு தெரியாமல் அவன்ர துக்கம் என்னெண்டு தெரியும்?” என்று கேட்டார். அவர் சொன்னதே சரி. வரவுகளைத் திருப்பி முழுதாக வைத்துவிட்டு, ஒரே செய்தியை மூன்று தருவில் (கூத்துப் பாட்டில்) சொல்கிற இடங்களில் இரண்டை எடுத்தோம். கதை இறுகியது, ஆட்டம் குறையவில்லை.

சாப்பாட்டில் என்ன விசேஷம்?

தொடக்கத்தில் தம்பி பெரிய பட்டியல் போட்டான். புட்டு, இடியப்பம், சொதி, நண்டுக்கறி, இறால் பொரியல், ஆட்டிறைச்சி, மரக்கறிக்காரருக்குக் கத்தரிக்காய்ப் பால்கறி. எல்லாம் நல்ல கைப்பக்குவம். வந்தவர்கள் பாதிப் பேர் நண்டுக்காகவே வந்தார்கள்.

கடைசி வருடங்களில் பட்டியல் சின்னதாகி, ஒடியல் கூழ்தான் நடுவில் நின்றது. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மா ஒடியல் மா. அதைத் தண்ணீரில் ஊறவிட்டுக் கசப்பைப் போக்க வேண்டும். ஒரு பெரிய பானையில் பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளி, முருங்கையிலை, மீன், நண்டு, இறால் எல்லாம் அவிய, செத்தல் மிளகாய் அரைத்த கூட்டும் பழப்புளியும் சேர்ந்து, கடைசியில் ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றினால் கொழுகொழுவென்று வரும். பனையோலையை மடித்துக் கோலிய பிளாவில் ஊற்றி, சுடச்சுட ஊதி ஊதிக் குடிக்க வேண்டும். இதைத் தட்டில் வைத்து ஒருவருக்குத் தனியாகப் பரிமாற முடியாது. பானையைச் சுற்றி நாலு பேர் இருந்தால்தான் அதற்கு ருசி.

டிக்கெட் விலை அதிகம் என்று சிலர் சொன்னார்களே?

2016 இல் ஒருவருக்கு 1,500 ரூபா. அந்தக் காசு எங்கே போனது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், இதைப் படித்துத் தொடங்குகிறவர்களுக்குப் பயன்படும்.

ஆடுகிறவர்கள், மத்தளம், பிற்பாட்டு என்று 10 பேர், ஆளுக்கு 1,500 ரூபா, அது 15,000. அண்ணாவியாருக்கு 2,500. சமையலுக்கும் பரிமாறவும் 5 பேர், ஆளுக்கு 1,000, அது 5,000. ஆக, ஒரு சனமும் வராவிட்டாலும் அந்த இரவுக்கு 22,500 ரூபா கொடுத்தே ஆக வேண்டும். சாப்பாட்டுப் பொருளுக்கு ஒரு ஆளுக்கு 500. மிச்சம் ஒரு ஆளிடம் இருந்து 1,000 ரூபாதான் இந்தச் செலவுக்குப் போகும். 23 பேர் வந்தால்தான் கையைக் கடிக்காது. 24 பேர் வந்த இரவில் மிஞ்சுவது 1,500 ரூபா. அதற்குள் வாடகை, கரண்ட், உடுப்பு, கேளிக்கை வரி எல்லாம் வர வேண்டும். 40 பேர் வந்தால் 17,500 மிஞ்சும். 40 பேர் வந்த இரவுகள் மார்கழி விடுமுறையிலும் நல்லூர்த் திருவிழாக் காலத்திலும்தான்.

விலையை விட எனக்கு மனதைக் குடைந்தது இன்னொன்று. சாப்பிட்டுப்போன சிலர், “இந்த நண்டுக்கு 1,500 கூடத்தான்” என்றார்கள். அவர்கள் கணக்கில் ஆட்டத்துக்கு விலையே இல்லை, அது சும்மா கிடைத்தது. பத்துப் பேர் வியர்க்க வியர்க்க ஆடியது சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்கிற சம்பல் மாதிரி ஆகிவிட்டது. பிறகு டிக்கெட்டில் ‘கூத்து 1,000, சாப்பாடு 500’ என்று பிரித்து அச்சடித்தோம். தொகை அதேதான். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

பரதநாட்டியம் ஏன் வைக்கவில்லை? யாழ்ப்பாணத்தில் ஆடுகிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்களே?

கேட்டோம். மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகம் 1960 இல் தொடங்கியது. பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. அங்கே நடனம் படித்து வெளியே வந்தவர்கள் ஊரெல்லாம் வகுப்பு நடத்துகிறார்கள். சில ஆசிரியைகளோடு கதைத்தோம். பிள்ளைகளுக்கு ஆசை இருந்தது. பெற்றோர் மறுத்துவிட்டார்கள். “ஆக்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்க என்ர பிள்ளை முன்னால நிண்டு ஆடுறதோ?” என்று ஒரு தாய் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய காயம் இருக்கிறது. யாழ்ப்பாணக் கோயில் திருவிழாக்களில் நாதஸ்வரமும் தவிலும் பெரியமேளம். ஆடுகிற பெண்களும் அவர்களுடைய பக்கவாத்தியமும் சின்னமேளம். தமிழ்நாட்டில் இருந்தும் குழுக்களைக் கொண்டுவருவார்கள். பணக்காரர்கள் தங்கள் திருவிழாவுக்கு நல்ல சின்னமேளம் பிடிப்பதைப் பெருமையாக நினைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே ஆறுமுக நாவலர் கோயிலில் பெண்கள் ஆடுவதைக் கடுமையாக எதிர்த்தார். பிறகு வந்த காலத்தில் சின்னமேளம் மெல்ல மறைந்தது. அதே நடனம் பரதநாட்டியம் என்ற பெயரில் பள்ளிக்கூடத்துக்கும் வீடுகளுக்கும் வந்து மதிப்புப் பெற்றது. அந்தப் பெண்களின் கலை நிலைத்தது, அந்தப் பெண்களுக்கு ஒரு இடமும் கிடைக்கவில்லை. அவர்களைப் பற்றி இந்த ஊர் இன்னும் நேர்மையாகப் பேசவில்லை என்பது என் எண்ணம்.

ஆகவே, சாப்பாட்டுக்கும் காசுக்கும் முன்னால் ஒரு பெண்பிள்ளையை நிறுத்துவது என்றவுடன் தாய்மாருக்கு அந்த நினைவு வந்தது. முதலில் எனக்குக் கோபம் வந்தது உண்மை. பிறகு யோசித்துப் பார்த்தால், மரியாதை இல்லாத இடத்தில் பிள்ளையை விடமாட்டேன் என்றுதான் அந்தத் தாய் சொல்லியிருக்கிறார். அப்போது எங்கள் முற்றம் மரியாதையான இடமாக இருக்கவில்லை. அடுத்த பதில் அதைப் பற்றித்தான்.

அண்ணாவியார் நடுவில் விலகினார் என்று கேள்விப்பட்டோம். என்ன நடந்தது?

2017 ஆவணி, நல்லூர்த் திருவிழாக் காலம். 40 பேர், நிறைந்த முற்றம். காத்தான் கழுவுக்குப் போகிற கட்டம். மாரியம்மனாக ஆடியவர் தாய்ப் பாசத்தில் உருகிப் பாடுகிறார். அந்த நேரம் பார்த்து நண்டுத் தட்டுகள் போயின. தம்பி வேண்டுமென்று செய்யவில்லை, சமையலறையில் கொஞ்சம் பிந்திவிட்டது. மூன்று பக்கமும் ஓடு உடைக்கிற சத்தம். ஒருவர் கையைத் தூக்கி இன்னும் கொஞ்சம் சொதி கேட்டார். பாடுகிறவருடைய குரல் அதற்குள் அமுங்கியது.

ஆட்டம் முடிந்தது. அண்ணாவியார் ஐயா கூத்து ஏட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். கத்தவில்லை. “பிள்ளை, சாப்பிடுறவன்ர கண் தட்டிலதான் இருக்கும். அது அவன்ர பிழை இல்லை. நான் ஆரைப் பார்த்துப் பாடுறது?” என்றார். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

நான் அவருடைய வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார், கூத்தைப் பற்றி மட்டும் கதைக்கவில்லை. மூன்றாவது தடவை போனபோதுதான், “தட்டை எடுத்துவிட்டுக் கூப்பிடு, வாறன்” என்றார்.

பிறகு என்ன மாற்றினீர்கள்?

எல்லாவற்றையும். தம்பிக்கு முதலில் மனமில்லை. சாப்பாட்டை ஆட்டத்தின் நடுவில் கொடுப்பதுதான் இந்த வியாபாரத்தின் உயிர் என்று நினைத்தான். ஒரு மாதம் பரீட்சித்துப் பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டான்.

7 மணிக்கு வருகிறவர்களுக்கு வடையும் தேத்தண்ணியும் மட்டும். 7.30க்கு விளக்குக் கொளுத்தி, காப்புப் பாட்டு. அதிலிருந்து 9 மணி வரை ஒருவர் கையிலும் ஒன்றும் இருக்காது. வாழி பாடி முடித்ததும் கூழ்ப்பானை முற்றத்துக்கு வரும். ஆடியவர்கள் உடுப்பைக் களைந்து, முகத்தில் பாதி அரிதாரத்தோடு வந்து, பார்த்தவர்களோடு சேர்ந்து பானையைச் சுற்றி இருப்பார்கள். எல்லோர் கையிலும் ஒரே பிளா.

இது சின்ன மாற்றம் என்று வெளியூர் ஆட்கள் நினைக்கலாம். இந்த ஊரில் யார் யாரோடு இருந்து சாப்பிடுவது என்பது லேசான விஷயம் இல்லை. தேநீர்க் கடைக்குள் எல்லோரும் போகலாம் என்பதற்கே இங்கே போராட வேண்டியிருந்தது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் எங்கள் பெற்றோர் காலத்துக் கதை. கூத்தாடியவர்களில் பலர் சாதி சொல்லி ஒதுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள். விடிய விடியக் கைதட்டிப் பார்த்துவிட்டு, காலையில் அவர்களைத் தங்கள் முற்றத்தில் நிறுத்தி வைத்த வீடுகள் இருந்தன.

எங்கள் பானை வந்தபோதும் எழும்பிப் போனவர்கள் உண்டு. “நேரமாயிற்று” என்பார்கள். நான் மறிக்கவில்லை. இருந்தவர்கள் இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தார்கள். காத்தானிடம் சின்னப் பிள்ளைகள் அந்தத் தாளக்கட்டைக் கேட்டு ஆடிப் பார்த்தார்கள். லண்டனில் பிறந்த ஒரு பெடியன், மத்தளத்தில் ‘தகதிமி’ அடிக்கப் பழகிவிட்டுத்தான் ஹோட்டலுக்குப் போனான். 2018 முழுக்கவும் 30 பேருக்குக் குறையாமல் வந்தார்கள். ஐயா திரும்பி வந்துவிட்டார். அந்த வருடம்தான் எங்களுடைய நல்ல வருடம்.

பரதநாட்டியத்துக்குப் பிள்ளையை விட மறுத்த அந்தத் தாயும் 2019 தொடக்கத்தில் வந்து பார்த்தார். மகள் வைகாசியில் ஆடுவதற்குச் சம்மதித்தார்.

பிறகு ஏன் விழுந்தது?

வைகாசிக்கு முன்னால் 2019 சித்திரை (ஏப்ரல்) 21 வந்தது. ஈஸ்டர் ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஊரடங்கு, சோதனைச் சாவடி. எங்கள் குழுவில் பாதிப் பேர் கத்தோலிக்கர், அவர்களுக்கு ஆடுகிற மனநிலையே இல்லை. மூன்று மாதம் பூட்டியிருந்தோம். அந்தப் பிள்ளையின் ஆட்டம் நடக்கவே இல்லை.

2019 ஐப்பசியில் பலாலி விமான நிலையம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. சென்னையில் இருந்து நேரே சனம் வரும் என்று நம்பினோம். கொஞ்சம் வந்தார்கள். 2020 பங்குனியில் அந்த விமானங்களும் நின்றன. பங்குனி (மார்ச்) 20 மாலை நாடு முழுக்க ஊரடங்கு. கொரோனாக் காலத்தில் விறாந்தையில் ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டால் 14 பேர்தான். 23 பேர் வந்தால்தான் கை கடிக்காது என்று மேலே சொன்னேன். பானையைச் சுற்றி இருந்து கூழ் குடிப்பது பற்றி நினைக்கவே முடியாது.

2022 இல்தான் முழுதாக மூடினீர்களா?

ஓம். அந்த வருடம் பங்குனி கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. அரிக்கன் லாம்பும் தீப்பந்தமும் வைத்து இரண்டு இரவுகள் ஆடினோம். உண்மையில் அந்த இரண்டும் கூத்துக்கு மிக அழகான இரவுகள். பழைய களரி அப்படித்தானே இருந்திருக்கும் என்று ஐயா சந்தோஷப்பட்டார். ஆனால் காஸ் இல்லை, விறகு விலை ஏறிவிட்டது, ஆடுகிறவர்கள் மோட்டார்சைக்கிளுக்குப் பெற்றோல் வரிசையில் இரவிரவாக நின்றார்கள். சாவகச்சேரியில் இருந்து வருகிற பிற்பாட்டுக்காரர் ஒருநாள் சைக்கிளில் வந்தார். அதற்கு மேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசி அடி கடலில் இருந்து வந்தது. எங்கள் மீனவர்களின் படகு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. 2022 ஆவணியில் ஒரு லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்குப் போனது. படகு போகாவிட்டால் மீன் இல்லை, மீன் இல்லாவிட்டால் கூழ் இல்லை. ஆட்களைக் குறைத்து, சம்பளத்தைக் குறைத்து இன்னும் இரண்டு மாதம் ஓட்டியிருக்கலாம். ஆடுகிறவருடைய கூலியைக் குறைத்து நடத்துவதில்லை என்று நாங்கள் முதலிலேயே முடிவெடுத்திருந்தோம். புரட்டாதியில் திறப்பை வீட்டுக்காரரின் உறவினரிடம் கொடுத்தோம்.

வெளிநாட்டுத் தமிழர் யாரும் உதவ முன்வரவில்லையா?

வந்தார்கள், நன்றி. ஒருவர் பெரிய தொகை தருவதாகச் சொன்னார். குளிரூட்டிய மண்டபம், சினிமாப் பாட்டு நடனம், நடுவில் கொஞ்சம் கூத்து என்பது அவருடைய திட்டம். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எங்களுக்கு ஒத்துவரவில்லை.

கலைஞர்களுக்குக் கொடுக்க வேண்டியது ஏதும் பாக்கி உண்டா?

இல்லை. அம்மாவின் சங்கிலியை விற்றுக் கடைசி மாதத்தைக் கொடுத்து முடித்தோம்.

உடுப்புகளும் கிரீடங்களும் இப்போது எங்கே?

விரிந்து நிற்கிற கரப்புடுப்பு இரண்டும் மரத்தில் செய்த கிரீடங்களும் ஐயாவின் வீட்டில். கேட்கிற பள்ளிக்கூடங்களுக்கு வாடகை இல்லாமல் கொடுக்கிறோம், தண்ணீர் படாமல் திருப்பித் தந்தால் போதும். மத்தளம் என்னிடம் இருக்கிறது. கோடையில் தோல் இழுத்துக்கொள்ளும், மாரியில் தளர்ந்துவிடும், மாதத்துக்கு ஒருக்கால் எடுத்துப் பார்க்காவிட்டால் கெட்டுவிடும்.

நாங்கள் தொடங்க நினைக்கிறோம். என்ன சொல்வீர்கள்?

முதலில் ஒரு அண்ணாவியாரைக் கண்டுபிடியுங்கள், பிறகு சமையல்காரரை. நாங்கள் மாறிச் செய்தோம். கிழமைக்கு இரண்டு இரவு எங்களுக்கு அதிகம், மாதத்துக்கு இரண்டு போதும். குழுவில் எல்லோருக்கும் பகலில் வேறு வேலை இருக்கும், கடற்றொழிலுக்குப் போகிறவர் வெள்ளி இரவு ஆடிவிட்டு விடியக் கடலுக்குப் போவார். உடம்பு தாங்காது. சொந்த வீடு அல்லது வாடகை வாங்காத கோயில் மண்டபம், வாசிகசாலை முற்றம் கிடைத்தால் பாதிப் பாரம் குறையும். ஒலிபெருக்கி வைத்தால் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும். 40 பேருக்கு ஒலிபெருக்கி தேவையே இல்லை, முற்றத்துச் சுவர் குரலைத் தாங்கும்.

மற்றது, ஆட்டம் நடக்கும்போது தண்ணீர்ப் போத்தலைத் தவிர ஒன்றும் கொடுக்காதீர்கள். பசிக்கிறவர்களுக்கு முதலே கொடுங்கள், பெரிய சாப்பாட்டைக் கடைசியில் வையுங்கள், ஆடியவர்களும் அதே பந்தியில் இருக்கட்டும். யாராவது எழும்பிப் போனால் போகட்டும்.

இப்போது யாழ்ப்பாணத்தில் கூத்துப் பார்க்க எங்கே போகலாம்?

மாரி முடிந்து, தை பிறந்த பிறகு அம்மன் கோயில்களில் விசாரியுங்கள். நேர்த்திக்காகக் காத்தவராயன் கூத்து வைக்கிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்கிற, திருமறைக் கலாமன்றத்தின் திருப்பாடுகளின் காட்சியைத் தவறவிடாதீர்கள். நீ. மரியசேவியர் அடிகள் 1965 இல் தொடங்கிய மன்றம் அது. அடிகள் 2021 இல் காலமானார். பாஷையூர், குருநகர்ப் பக்கம் கோயில் பெருநாள்களை ஒட்டி நாட்டுக்கூத்து மேடையேறும். நகரத்துக்குள் என்றால் வீரசிங்கம் மண்டபத்திலும், 2023 இல் திறந்த பண்பாட்டு மையத்திலும் அறிவித்தல் பலகையைப் பாருங்கள்.

கோயில் வீதிக்குப் போகிறவர்கள் பாயும் ஒரு போர்வையும் கொண்டுபோங்கள், மாசியில் விடியப்புறம் நல்லாய்ப் பனி கொட்டும். இரவுச் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். கச்சான் அங்கேயே விற்பார்கள். விடிந்து எல்லாம் முடிந்த பிறகு, ஆடியவர்களுக்குத் தேத்தண்ணி வைக்கிற வீடு எதென்று கேட்டு அங்கே போய் இருங்கள்.